பச்சையில் சாய்கோடு

பஸ் டிப்போவை ஊருக்கு வெளியே கொண்டுபோனபோது பஸ்கள் மட்டுந்தான் போயின. மற்றதெல்லாம் அங்கேயே கிடந்தது. சக்கரம் கழற்றும் மேடை, கூரை பறிபோன ஸ்டோர் ரூம், டயர்க் குவியல், டிரைவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டே நின்று வம்பளந்த குழாயடி. முன்பக்கம் கல் பாவிய முற்றம். பின்பக்கம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு மண் தரை. அந்த மண் தரையில்தான் தோட்டம் வந்தது.

முதல் பாத்தியை வெட்டியவன் மெக்கானிக். அந்த டிப்போவிலேயே வேலை பார்த்தவன். பெல்ட்டில் மாட்டி இடது கை விரல்கள் நசுங்கிப்போக, டிப்போ இடம் மாறிய சமயத்தில் அவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லாத ஆள். ஜன்னல் கொக்கியைக் கழற்றி மறுபடி மாட்டினான். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பிரித்துப்போட்டுச் சுற்றாமல் செய்தான். "வெளிய எங்கயாவது போய்த் தொலைடா தம்பி. நீ இருந்தா இந்த வீட்டுல ஒரு ஆணிகூட மிஞ்சாது" என்று கூடவே இருந்த அக்கா ஒருநாள் காலையில் விரட்ட, கால் போன போக்கில் பழைய டிப்போவுக்குப் போனான். சாயங்காலம் முழங்கால் வரை மண்ணோடு திரும்பி வந்தான். எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. முகமே சொன்னது.

அவனைப் பார்த்து முடிவெட்டுகிறவர் வந்தார். கையில் எப்போதும் கத்தரி. வந்த இடத்தில் அவர் போட்டதும் கத்தரி. ஆகவே தெருவில் அவருக்குப் பெயரே கத்தரி என்று ஆகிப்போனது. பிறகு ஆஸ்பத்திரி வாட்ச்மேன், பேப்பர் போடுகிறவர், இன்னும் இரண்டு மூன்று குடும்பங்கள். தக்காளி, அவரை, வெங்காயம், சுவர் மேல் ஏற்றிவிட்ட பூசணி. முதல் மழை விழுந்தால் மட்டும் மண்ணிலிருந்து லேசாக டீசல் வாசனை எழும். மெக்கானிக் அப்போது மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "நம்ம ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்கப்பா" என்பான்.

அவன் மனைவிக்கு நகராட்சியில் நகரமைப்புப் பிரிவில் வேலை. வரைபடம் வரைவது. அப்போதெல்லாம் கையால்தான். சாய்ந்த மேஜை, டிரேசிங் பேப்பர், மை ஊற்றும் பேனா. வரைந்ததை நகலெடுக்கும் அறையிலிருந்து வரும் அமோனியா நெடி சேலை மடிப்பில் தங்கி வீடு வரை வரும். அவள் இழுத்த கோட்டை ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது என்பதால் ஆபீசில் அவளுக்குக் கோட்டம்மா என்று பெயர். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

தோட்டத்துப் பக்கம் கோட்டம்மா அதிகம் போனதில்லை. நகத்தில் மண் ஏறினால் மறுநாள் பேப்பரில் விரல்ரேகை விழும் என்பாள். ஆனால் சாயங்காலம் அவன் கொண்டுவரும் பைக்காகக் காத்திருப்பாள். நாத்தனாரான அவன் அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை முடித்து வந்து, கொதிநீரில் ஊறிச் சிவந்த கைகளோடு கத்தரிக்காயை அடுப்பில் சுடுவாள். தோலை உரித்து, உப்பும் பச்சை வெங்காயமும் போட்டுப் பிசைந்து வைத்தால் மூன்று பேருக்கும் பேச்சு நின்றுபோகும். பின்னாளில் எத்தனையோ இடத்தில் எத்தனையோ சாப்பிட்டும், கோட்டம்மாவுக்கு நாக்கில் நின்றது அந்தப் புகைமணம்தான்.

ஊருக்குப் புது மாஸ்டர் பிளான் போட்ட வருஷம் அது. எந்த இடம் வீட்டுக்கு, எது கடைக்கு, எது ஆலைக்கு என்று ஊரையே கலர் பிரித்து வரைந்தார்கள். ஷீட் ஷீட்டாக வந்து கோட்டம்மாவின் மேஜையில் விழுந்தது. ஒருநாள் அவர்கள் தெரு இருக்கும் ஷீட் வந்தது. டிப்போ இடத்தின் மேல் பென்சிலால் 'வாகன நிறுத்தம்' என்று எழுதியிருந்தது. சுவர் வரைக்கும்.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்.

"டிப்போ இடத்தை வண்டி நிறுத்தறதுக்குன்னு போடச் சொல்லியிருக்காங்க."

"முன்பக்கமா?" என்றான் மெக்கானிக்.

"மொத்தமும்."

நாத்தனார் கையை உதறினாள். "அங்க தோட்டம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதாம்மா?"

"வரைபடத்துல அது காலி இடம்தான் அண்ணி. வீடு இருந்தா வீடு, கடை இருந்தா கடை. தோட்டம்னு ஒரு வகையே அதுல கிடையாது."

"காலி இடமா? அப்ப இந்தத் தட்டுல இருக்கறது வானத்துலேருந்து விழுந்துச்சா?"

மெக்கானிக் நிமிராமல் கேட்டான். "யாரு வரையறது?"

"நான்தான்."

அவன் மீதியையும் சாப்பிட்டு முடித்தான். கை கழுவி வந்து, துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே, "அப்ப வரை. கோடு நேரா வரட்டும்" என்றான்.

மறுநாள் சாயங்காலம் கடைத்தெருவில் வாங்கிய தக்காளியைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தான். தோட்டத்தில் செடிக்குச் செடி பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்த நாள்.

"எதுக்கு இது?" என்றாள்.

"இனிமே இதுதானே. இப்பவே நாக்கு பழகட்டும்."

தினமும் அப்படியே. பறித்ததையெல்லாம் தெருவுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குக் கடைக்காய் வந்தது. பளபளவென்று இருக்கும்; வாயில் வைத்தால் ஈரத்துணியைக் கடித்த மாதிரி. நாத்தனார்கூட வாயைத் திறக்கவில்லை. யாராவது சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் கோட்டம்மா நிம்மதியாக இருந்திருப்பாள்.

அந்த ஷீட்டைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தாள். முடியவில்லை. திட்ட அதிகாரியின் அறைக்குப் போனாள். தீராத ஜலதோஷக்காரர் அவர். கைக்குட்டையும் கையுமாகவே கையெழுத்துப் போடுவார். கோபக்காரர் இல்லை.

"சார், இந்த ஷீட்டை நான் வரையக் கூடாது. அங்க எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பாத்தி இருக்கு."

"பாத்தியா?"

சொன்னாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"மஞ்சள் வீடு, நீலம் கடை, ஊதா ஆலை, பச்சை பூங்கா. உங்க வீட்டுக்காரர் தக்காளிக்கு என்னம்மா கலர்?"

"பச்சையே அடிச்சிடலாமே சார்."

"பூங்கான்னு போட்டா நாளைக்கே பூங்காப் பிரிவு ஆளு வந்து தக்காளியைப் புடுங்கிட்டுப் பூச்செடி வைப்பான். சட்டப்படி அவன் செய்யறதுதான் சரி. அப்புறம் நீங்க அவனோட சண்டை போட முடியாது."

"அப்ப புதுசா ஒண்ணு சேர்க்கணும். பச்சையில சாய்கோடு."

"கோடு போடறது சுலபம்மா. கோட்டுக்குப் பின்னால விதி நிக்கணும். யாரு பயிர் பண்ணலாம், தண்ணி யாரு குடுக்கறது, மண்ணு நல்ல மண்ணான்னு யாரு பாக்கறது, எத்தனை வருஷம்? இதெல்லாம் இல்லாம கோடு மட்டும் போட்டா அது வெறும் படம்." தும்மினார். "அதுவும் கேக்கறது நீங்க. உங்க வீட்டுப் பாத்தி. ஒருத்தன் விரல் நீட்டிப் பேச இடம் இருக்கக் கூடாது, புரியுதா?"

"புரியுது சார்."

"கருத்துக் கேட்புக் கூட்டத்துல அந்தத் தெருக்காரங்க வந்து கேக்கட்டும். கேட்டா நான் பேசறேன்."

ஷீட் வேறு ஆளின் மேஜைக்குப் போனது. இதை அவள் வீட்டில் சொன்னாள். மறுநாள் சாயங்காலம் பையில் தோட்டத்து அவரை வந்தது. நாத்தனார் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்பாடா, நம்ம வீட்டுக்கு வழி தெரிஞ்சிடுச்சு" என்றாள்.

கூட்டம் நகராட்சிக் கூடத்தில், நல்ல வெயில் காலத்தில் நடந்தது. மின்விசிறிகள் சத்தம் போட்டன, காற்று வரவில்லை. கோட்டம்மா ஆபீஸ் ஆட்களோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். முதலில் கத்தரி எழுந்தார். தலைக்கு எண்ணெய் தடவிச் சீவி, சட்டை மாற்றி வந்திருந்தார்.

"ஐயா, நான் முடி வெட்டறவன். ஊர்ல பாதித் தலை என் கையில. இங்க உட்கார்ந்திருக்கற பெரியவங்க பல பேரு என் முன்னால தலைகுனிஞ்சவங்கதான்."

சிரிப்பு எழுந்தது. திட்ட அதிகாரிகூடக் கைக்குட்டைக்குள் சிரித்தார்.

"வெட்டின முடி நாலு நாள்ல வளர்ந்துடும். வெட்டின தோட்டம் அப்படி வளராது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

உட்கார்ந்தார். கூட்டம் தங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது என்றே கோட்டம்மா நினைத்தாள். அப்போது அதே தெரு டாக்சிக்காரர் எழுந்தார். வாகன நிறுத்தம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொடுத்தவரே அவர்தான்.

"நல்லாப் பேசினாரு. நானும் அவருகிட்டதான் முடி வெட்டிக்கறேன். ஆனா எங்க கஷ்டத்தையும் கேளுங்க. வண்டியைத் தெருவுல போடறோம். போலீஸ் வந்து விரட்டுது. வெயில்ல நின்னு நின்னு சீட்டுத் துணி கருகிப்போச்சு. அந்த இடம் எல்லாருக்கும் பொது. ஏழெட்டு வீடு மட்டும் அதுல பயிர் பண்ணிச் சாப்பிடறது எந்த ஊரு நியாயம்?"

மெக்கானிக் எழுந்துவிட்டான். "சும்மா கிடந்த மண்ணுய்யா. டயரும் கண்ணாடியும் பொறுக்கிப் போட்டது நாங்க. உன்னை யாரு வேண்டாம்னா?"

"நீங்கதான்."

டாக்சிக்காரர் மெக்கானிக் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"என் பொண்டாட்டிக்குச் செடி கொடின்னா உசுரு. போன வருஷம் வந்து உங்ககிட்டதான் கேட்டேன், ஒரு ஓரமா எங்களுக்கும் கொஞ்சம் இடம் குடுங்கன்னு. என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?"

மெக்கானிக் தரையைப் பார்த்தான்.

"இடம் இல்ல, எல்லாம் பிரிச்சாச்சுன்னீங்க. உங்க அப்பன் வீட்டு இடம் மாதிரி சொன்னீங்க. அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன். எங்களுக்கு இல்லாத தோட்டம் யாருக்கும் வேண்டாம்னு."

மெக்கானிக்கின் முகத்தைக் கோட்டம்மா பார்த்தாள். அது நிஜம் என்று அந்த முகத்திலேயே இருந்தது. அவன் நசுங்கிய கையை நல்ல கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தான். அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பரிதாபம் வந்தது. வேலை போய், விரல் போய், கடைசியில் கிடைத்த ஒரு துண்டு மண்ணை யாருக்கும் விடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறான்.

திட்ட அதிகாரி ஒரு வழி சொன்னார். கல் பாவிய முன்முற்றம் டாக்சி நிறுத்தத்துக்கு. பின்னால் மண் தரை தோட்டத்துக்கு. விதி எழுதிக் கவுன்சிலுக்கு வைப்பதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். மறுநாள் கோட்டம்மாவைக் கூப்பிட்டு, "முதல் வரைவு நீங்களே எழுதுங்க. ஆரம்பிச்சது நீங்கதானே. அப்புறம் நான் பாக்கறேன்" என்றார்.

கோடு இழுத்த கைக்கு எழுத்து லேசில் வரவில்லை. ஊரில் சும்மா கிடக்கும் பொது நிலத்தில் அக்கம்பக்கத்தார் உணவுக்குப் பயிரிடலாம். மண்ணைச் சோதித்த பிறகே. குழாய் நகராட்சி போடும். நிலையான கட்டடம் கூடாது. புதிதாக வீட்டுமனை பிரிக்கிறவர்கள் விடும் திறந்தவெளியிலும் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும். இதெல்லாம் எழுதி முடித்துப் பேனாவை மேஜையில் வைத்தாள். டாக்சிக்காரரின் குரல் காதில் நின்றது. மறுபடி எடுத்தாள். 'பாத்திகள் குலுக்கல் மூலம் ஒதுக்கப்படும். ஏற்கெனவே பயிரிட்டு வருவோருக்கு முன்னுரிமை இல்லை.'

அதிகாரி அந்த வரியில் விரலை வைத்தார். "குலுக்கல் சரி. இந்தக் கடைசி வரி வேணுமா? இல்லாமலே போகலாமே."

"வேணும் சார்."

"வீட்டுல கேட்டீங்களா?"

"இல்ல சார்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு தும்மிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விதி நிறைவேறியது. அதன்பின் ஊர் முழுக்கப் பச்சையில் சாய்கோடு விழுந்தது. கால்வாய்க் கரையில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பள்ளிக்கூடத்தை ஒட்டி. டிப்போ ஷீட்டைத் தவிர மற்றதெல்லாம் கோட்டம்மா வரைந்தவைதான். மையில் பேனாவை நனைத்து, மூச்சைப் பிடித்து, ஒரே சாய்வில் இழுத்துக்கொண்டே போவாள். வேலை பார்த்த காலம் முழுவதிலும் அத்தனை சந்தோஷமாக அவள் கோடு போட்டதில்லை. வீட்டில் மட்டும் அந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்லவில்லை. முதல் தடவை நல்லெண்ணத்தோடு சொல்லப்போய்க் கடைத் தக்காளி தின்றது போதும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

பாத்திகளைச் சின்னதாகவும் அதிகமாகவும் பிரித்து எண் அடித்தார்கள். குலுக்கல் டிப்போ வாசலில் நடந்தது. சீட்டு போடப் பாத்திரம் வேண்டுமென்று கேட்க, கத்தரி தன் கடையிலிருந்து பிளாஸ்டிக் பேசின் கொண்டுவந்தார். "கழுவினீங்களா?" என்று நாத்தனார் கேட்டாள். "ரெண்டு முடி இருந்தா அதிர்ஷ்டம்தான் அக்கா" என்றார் அவர்.

அதிர்ஷ்டம் அவர் பக்கம் வரவில்லை. அவருடைய கத்தரிக்காய்ப் பாத்தி டாக்சிக்காரர் மனைவிக்கு விழுந்தது. அவருக்குக் குழாயடியில் ஒன்று. "கத்தரி போச்சு, இனி என் கையில இருக்கற கத்தரிதான் மிச்சம்" என்று விரலால் வெட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கின் அவரைப் பந்தல் நின்ற இடம், தெருக்கோடித் தையல்காரப் பெண்ணுக்குப் போனது. மெக்கானிக்குக் கிடைத்தது ஸ்டோர் ரூம் இடிந்த மூலை. செங்கல்லும் காரையும் துருப்பிடித்த இரும்பும் கலந்த மேடு.

"முதல்ல வந்தவங்களுக்குன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?" என்று வாட்ச்மேன் நகராட்சி ஆளிடம் கேட்டார்.

"அதை ஏங்க என்கிட்ட கேக்கறீங்க? எழுதினது இவரோட வீட்டம்மாதான்."

மெக்கானிக் திரும்பி அவளைப் பார்த்தான். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனான். பந்தலில் இருந்த அவரைக்காயை ஒரு பிஞ்சுகூட விடாமல் பறித்தான். கொம்புகளைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவருகே சாத்தினான்.

நாத்தனார் அந்தக் கட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். "கொம்பு இங்க வந்துடுச்சு. அதுல படர்ந்திருந்த கொடி இப்ப எங்கடா இருக்கு?"

"தரையில."

"அது உனக்கு என்னடா துரோகம் பண்ணுச்சு?"

அவன் கை கழுவப் போனான். மறுநாள் கோட்டம்மா எழுந்தபோது கதவருகே கட்டு இல்லை. பந்தலை மறுபடி நட்டுக் கொடியைத் தூக்கிக் கட்டிவிட்டு வந்து, தையல்காரப் பெண்ணுக்குச் சணல் முடிச்சுப் போடத் தெரியவில்லை என்று அக்காவிடம் அலுத்துக்கொண்டிருந்தான். கோட்டம்மாவிடம் மட்டும் பேசவில்லை. குடை எடுத்துக்கோ, பால் வந்துடுச்சு என்கிற அளவில் வார்த்தைகள் நின்றன. டாக்சிக்காரர் வீட்டிலிருந்து ஒருநாள் முற்றிய கத்தரிக்காய்கள் சில வந்தன. நாத்தனார் அவற்றைச் சுட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை; அது ருசியினால் வந்த மௌனமில்லை என்று மூவருக்குமே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் மண்வெட்டியோடு கிளம்பியதும் கோட்டம்மாவும் பழைய சேலையொன்றைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். அவன் திரும்பிப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

முந்தின நாள் பெய்த தூறலில் மேடு கொஞ்சம் இளகியிருந்தது. அவன் வெட்டிப் புரட்ட, அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செங்கல் துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். காரை நகத்துக்குள் ஏறியது. வரைபடத்தில் இந்த மூலையைக் கட்டை விரலால் மறைத்துவிடலாம். இங்கே உட்கார்ந்து பார்த்தால் முடியவே முடியாத இடமாக இருந்தது. ஒருதடவை அவள் எடுத்த இரும்பை அவன் வாங்கித் துடைத்து, "பின் சக்கரத்து நட்டு. பழைய வண்டியோடது. இதை முடுக்கறதுக்கு ரெண்டு ஆளு தொங்குவோம்" என்றான். தனியாகச் சுவர் மேல் எடுத்து வைத்தான். அவளிடம் அத்தனை வார்த்தை அவன் பேசி வெகுநாளாகியிருந்தது.

அப்புறம் மண்வெட்டியின் மேல் கைகளை ஊன்றி நின்றான்.

"அந்த வரி எழுதும்போது, நம்ம பாத்தி போயிடும்னு உனக்குத் தெரியுமா?"

"போகலாம்னு தெரியும்."

"தெரிஞ்சுதான் எழுதினியா?"

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் கையிலிருந்த கல்லைக் கூடையில் போட்டாள். "சொல்லியிருந்தா உங்க முகத்தைப் பாத்திருப்பேன். பாத்திருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

அவன் மறுபடி வெட்டத் தொடங்கினான். பக்கத்துப் பாத்திகளில் ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். டாக்சிக்காரரின் மனைவி குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். அவள் போகும் வரை அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு அவரு வந்து கேட்டாரே," என்றான். "இந்த மூலையாவது குடுத்திருக்கலாம். குடுக்க மனசு வரல."

கோட்டம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.  அடுத்த கல்லுக்குக் கையை நீட்டினாள்.

"பாத்து," என்றான் அவன். "அதுக்கடியில ஆணி இருக்கு. துருப்பிடிச்சது. கையில ஏறிடும்."

மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்து, அந்தக் கல்லை அவனே பெயர்த்து எடுத்தான். வெயில் முதுகைச் சுடும் வரை இருவரும் பொறுக்கினார்கள். கூடை நிறைந்தபோது ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினார்கள்.